எதிரியின் கை



2011 பிப்ரவரி 14 அன்று மேற்காசியாவின் இரண்டு தலைநகரங்களில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். பஹ்ரைனின் மனாமாவிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் அரசியல் சீர்திருத்தம் கேட்டு ஊர்வலங்கள் கிளம்பின. டெஹ்ரானில், எகிப்து, துனிசியா மக்களின் எழுச்சிக்கு ஆதரவாகத் திரளும்படி எதிர்க்கட்சித் தலைவர்கள் மீர் ஹுசேன் மூசவியும் மெஹ்தி கரூபியும் அழைத்திருந்தார்கள். அதற்குப் பத்து நாள் முன்னர்தான் ஈரானின் உச்சத் தலைவர் அலி காமெனெயி, வெள்ளிக்கிழமைத் தொழுகை உரையில் அந்த எழுச்சிகளை இஸ்லாமிய விழிப்புணர்வு என்று புகழ்ந்திருந்தார். எகிப்தியர் காதில் விழ வேண்டும் என்று உரையின் ஒரு பகுதியை அரபு மொழியிலேயே நிகழ்த்தினார். அவர் புகழ்ந்த எழுச்சியைப் புகழ்வதற்காக அவருடைய குடிமக்கள் திரள நினைத்தபோது அனுமதி மறுக்கப்பட்டது. மீறி வந்தவர்கள் விரட்டப்பட்டார்கள். அழைப்பு விடுத்த இருவரும் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார்கள். மறுபக்கம் சவுதி அரேபியாவும் இதற்குச் சளைத்ததில்லை. துனிசியாவிலிருந்து தப்பி வந்த அதிபர் பென் அலிக்கு ஜித்தாவில் இடம் கொடுத்தது. மார்ச் தொடக்கத்தில் தன் மண்ணில் எந்த ஆர்ப்பாட்டமும் கூடாது என்று அறிவித்தது. அதே அரசின் மன்னர் அப்துல்லா, ஆகஸ்ட் மாதம், சிரிய அரசு தன் மக்களைக் கொல்வதை நிறுத்த வேண்டும் என்று கண்டித்து டமாஸ்கஸிலிருந்து தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்.

இதை இரட்டை வேடம் என்று சொல்லலாம், தவறில்லை. ஆனால் அரசுகள் இரட்டை வேடம் போடும் என்பது இந்த அவைக்குப் புதிய செய்தி அல்ல. அந்த வேடத்துக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது, அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். பகைமை பாராட்டும் இரண்டு அரசுகளுக்கு நடுவே உள்ள நாட்டில் கொந்தளிப்பு எழுந்தால், இரண்டுமே அதைத் தங்கள் பகையின் பேரேட்டில்தான் பற்று எழுதுகின்றன. அந்த நாட்டு மக்கள் என்ன கேட்கிறார்கள் என்பதற்கு அந்தப் பேரேட்டில் பத்தியே கிடையாது. எதிரியின் கை அங்கே இருக்கிறது என்ற குற்றச்சாட்டு முதலில் வருகிறது. கை, பல நேரங்களில், பிறகுதான் வருகிறது. அது உள்ளே வரக் கதவைத் திறந்துவிடுவதும் அந்தக் குற்றச்சாட்டின் பேரில் எடுக்கப்பட்ட நடவடிக்கைதான். 2011-க்குப் பிறகு சவுதி அரேபியாவும் ஈரானும் பஹ்ரைனிலும் ஏமனிலும் சிரியாவிலும் நடந்துகொண்ட விதம் இதற்குச் சான்று.

பஹ்ரைனிலிருந்து தொடங்குவோம். ஆளும் அல் கலீஃபா குடும்பம் சன்னிப் பிரிவைச் சேர்ந்தது. குடிமக்களில் பெரும்பான்மையோர் ஷியாக்கள். நாடாளுமன்றத்தில் 40 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், 40 பேர் மன்னரால் நியமிக்கப்பட்டவர்கள். 2010 தேர்தலில் அல் வெஃபாக் என்ற ஷியா கட்சி 40 இடங்களில் 18-ஐப் பிடித்தது. அதாவது 2011-ல் தெருவுக்கு வந்தவர்களில் பெரும்பகுதியினர் அதுவரை வாக்குச் சீட்டை நம்பியவர்கள். தொகுதிகள் நியாயமாகப் பிரிக்கப்பட வேண்டும், நாடாளுமன்றத்துக்கு முழு அதிகாரம் வேண்டும், காவல்துறையிலும் அரசு வேலையிலும் பாகுபாடு கூடாது என்பவைதான் அவர்களுடைய கோரிக்கைகளில் முதன்மையானவை. மன்னராட்சியே வேண்டாம் என்ற குரலும் எழுந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முதல் வாரத்தில் படையினர் நள்ளிரவுக்குப் பின் போராட்டக்காரர்களின் கூடாரங்களுக்குள் புகுந்து சுட்ட பிறகுதான் அந்தக் குரல் ஓங்கியது.

மார்ச் 13 அன்று பட்டத்து இளவரசர் சல்மான் பேச்சுவார்த்தைக்கான ஏழு அம்சங்களை அறிவித்தார். முழு அதிகாரமுள்ள நாடாளுமன்றமும் மக்களின் விருப்பத்தைப் பிரதிபலிக்கும் அரசாங்கமும் நியாயமான தொகுதி எல்லையும் அந்தப் பட்டியலில் இருந்தன. எதிர்க்கட்சியினர் உடனே ஒப்புக்கொண்டுவிடவில்லை, இழுபறி இருந்தது. மறுநாள், மார்ச் 14, சவுதி அரேபியாவையும் பஹ்ரைனையும் இணைக்கும் 25 கிலோமீட்டர் நீளக் கடற்பாலத்தின் வழியாக ஏறத்தாழ 1,000 சவுதிப் படையினர் உள்ளே வந்தார்கள். ஐக்கிய அரபு அமீரகம் 500 காவலர்களை அனுப்பியது. அதற்கடுத்த நாள் அவசரநிலை. மார்ச் 18-ல் போராட்டக்காரர்கள் கூடிய முத்து ரவுண்டானாவின் நடுவே நின்ற நினைவுச் சின்னம் இடித்துத் தள்ளப்பட்டது. ஆறு பாய்மரங்கள் சேர்ந்து ஒரு முத்தை ஏந்தி நிற்கும் சின்னம் அது. வளைகுடா ஒத்துழைப்பு மன்றத்தின் 1982 உச்சி மாநாட்டை ஒட்டி, அதன் ஆறு உறுப்பு நாடுகளுக்காக எழுப்பப்பட்டது. அந்த மன்றத்தின் பெயரில் வந்த படை ஊருக்குள் நிற்கும்போதே மன்றத்தின் சின்னம் விழுந்தது. அதன் உருவம் பொறித்த 500 ஃபில்ஸ் நாணயமும் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்பட்டது. ஓர் அரசு தன் சொந்த நாணயத்துக்கே பயந்தது என்றால், எதிரே இருப்பவர்களோடு பேசும் எண்ணத்தை அது எவ்வளவு தூரம் கைவிட்டிருந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

படை வந்ததற்குச் சொல்லப்பட்ட காரணம் ஈரான். அந்தக் காரணத்தைச் சோதித்துப் பார்க்க நமக்கு ஓர் அரிய ஆவணம் கிடைத்திருக்கிறது. பஹ்ரைன் மன்னரே நியமித்த விசாரணை ஆணையம், எகிப்தில் பிறந்த சட்ட அறிஞர் ஷெரீஃப் பஸ்யூனியின் தலைமையில், 2011 நவம்பர் 23 அன்று தன் அறிக்கையை மன்னர் முன்னிலையில் வைத்தது. காவலில் நடந்த சித்திரவதைகளை அது பதிவு செய்தது. சித்திரவதையால் ஐந்து பேர் இறந்ததை உறுதிப்படுத்தியது. பிப்ரவரி, மார்ச் சம்பவங்களில் ஈரானுக்கு நேரடித் தொடர்பு இருந்ததாகக் காட்டும் ஆதாரம் தமக்குத் தரப்படவில்லை என்றும் அது முடிவுக்கு வந்தது. ஈரானியத் தொலைக்காட்சிகளும் வானொலிகளும் தூபம் போட்டன என்பது உண்மை. ஆனால் தூபம் போடுவது வேறு, கலகத்தை நடத்துவது வேறு. பிறகு நடந்ததைக் கவனியுங்கள். அல் வெஃபாக் கட்சியின் தலைவர் அலி சல்மான் 2014 இறுதியில் கைதானார். 2016-ல் கட்சியே கலைக்கப்பட்டது. வாக்குச் சீட்டுக்கும் பேச்சுவார்த்தைக்கும் ஆட்கள் இல்லாமல் போன அதே ஆண்டுகளில்தான் வெடிகுண்டு வைக்கும் சிறு குழுக்கள் தலைதூக்கின. அவற்றுக்கு ஈரானிலிருந்து பயிற்சியும் பொருளும் வந்ததாக நம்பத்தக்க குற்றச்சாட்டுகளும் எழுந்தன. 2011-ல் இல்லாத கை, சில ஆண்டுகளில் உருவாகிவிட்டது.

பஸ்யூனி மனாமாவில் அறிக்கையை வாசித்த அதே நாளில், ரியாத்தில் இன்னொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. ஏமனை 33 ஆண்டுகள் ஆண்ட அலி அப்துல்லா சாலே, சவுதி மன்னர் முன்னிலையில் பதவி விலகும் உடன்பாட்டில் கையெழுத்திட்டார். வேலையின்மை, ஊழல், மகனை வாரிசாக்கும் முயற்சி ஆகியவற்றை எதிர்த்து தலைநகர் சனாவின் மாற்றச் சதுக்கத்தில் மாதக்கணக்கில் மக்கள் கூடாரம் போட்டு அமர்ந்திருந்தார்கள். மார்ச் 18 அன்று ஒரே நாளில் 50 பேருக்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆனால் ரியாத் உடன்பாடு அந்தச் சதுக்கத்தோடு செய்துகொண்டது அல்ல. சாலேயின் கட்சியும் பழைய எதிர்க்கட்சிகளும் நாற்காலிகளைப் பங்கிட்டுக்கொள்ள வழி செய்தது. சாலேக்கு வழக்கிலிருந்து விலக்கு கிடைத்தது. கட்சித் தலைமையும் படையில் அவருக்கு விசுவாசமான பிரிவுகளும் அவரிடமே தங்கின. இளைஞர்களும் தெற்கு ஏமன் இயக்கத்தினரும் வடக்கே சாதாவிலிருந்து வந்த ஹூதிகளும் வெளியே நின்றார்கள். எல்லைக்கு அப்பால் ஒரு கொந்தளிப்பைக் கட்டுக்குள் வைப்பது ரியாத்தின் நோக்கம். கொந்தளிப்புக்குக் காரணமானதைத் தீர்ப்பது அந்த நோக்கத்தில் அடங்கவில்லை.

ஹூதிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வாதத்தின் அச்சாணி அங்கேதான் இருக்கிறது. 2004 முதல் 2010 வரை சாலே அவர்களோடு ஆறு போர்கள் நடத்தினார். ஒவ்வொரு போரிலும் ஈரானின் கை என்று வாஷிங்டனுக்கும் ரியாத்துக்கும் சொன்னார். அப்படிச் சொன்னால் பணமும் ஆயுதமும் வரும் என்று அவருக்குத் தெரியும். சனாவிலிருந்த அமெரிக்கத் தூதரகமே அதை முழுதாக நம்பவில்லை. ஹூதிகளின் ஆயுதங்களில் பெரும்பகுதி உள்ளூர்க் கள்ளச் சந்தையிலிருந்தும் ஏமன் ராணுவத்தின் கிடங்குகளிலிருந்தும் கிடைத்தவை என்று 2009-ல் அது வாஷிங்டனுக்கு எழுதியது, பின்னர் கசிந்த ரகசியத் தந்திகளில் இருக்கிறது. 2014-ல் எரிபொருள் மானியம் வெட்டப்பட்டு மக்கள் கொதித்தபோது ஹூதிகள் அந்தக் கோபத்தின் மீதேறித் தலைநகருக்குள் நுழைந்தார்கள். அவர்களுக்குப் பாதை விட்டவர், ஆறு முறை அவர்களோடு போரிட்ட அதே சாலே. 2015 மார்ச் 26 அன்று சவுதி தலைமையிலான கூட்டணி குண்டுவீச்சைத் தொடங்கியது. ஏமன் ஈரானின் கைக்குப் போகாமல் தடுப்பதே நோக்கம் என்றது.

போரின் விளைவு என்ன? 2017 நவம்பர் 4 அன்று ரியாத்தின் விமான நிலையத்தை நோக்கி ஏமனிலிருந்து ஏவுகணை பாய்ந்தது. அதன் சிதைவுகளை ஆராய்ந்த ஐ.நா. நிபுணர் குழு, அவை ஈரானில் தயாரானவை என்று கண்டது. 2009-ல் கள்ளச் சந்தைத் துப்பாக்கி வைத்திருந்த இயக்கத்திடம் 2017-ல் ஈரானிய ஏவுகணை இருந்தது. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் ஹூதிகளுக்கு டெஹ்ரானைத் தவிர வேறு போக்கிடம் இல்லாமல் செய்தவர்கள் யார் என்று கேட்டால், பதிலின் பெரும்பகுதி ரியாத்தில் கிடைக்கும். டெஹ்ரானுக்கோ இது மலிவான வியாபாரம்: சில ஆலோசகர்கள், கடத்தப்பட்ட உதிரி பாகங்கள், எதிராளிக்கு ஆண்டுக்கணக்கில் செலவு. அந்த வியாபாரத்தின் விலையைக் கொடுத்தவர்கள் ஏமன் மக்கள். 2021 இறுதிக்குள் 3,77,000 உயிர்கள் போயிருக்கும் என்று ஐ.நா. வளர்ச்சித் திட்டம் மதிப்பிட்டது. அவற்றில் ஏறத்தாழ 60 சதவீதம் குண்டால் போனவை அல்ல. பசியாலும் நோயாலும் மருந்தில்லாமலும் போனவை.

சிரியாவில் இதே ஆட்டம் இடம் மாறி நடந்தது. இங்கே கலகத்தை எதிரியின் சதி என்று சொன்னது டெஹ்ரான். தெற்கே தெரா நகரில் சுவரில் எழுதிய சிறுவர்களைப் பிடித்துச் சித்திரவதை செய்ததிலிருந்து கிளம்பிய போராட்டம் அது. துனிசியாவிலும் எகிப்திலும் இஸ்லாமிய விழிப்புணர்வாக இருந்தது, டமாஸ்கஸுக்கு வந்ததும் அமெரிக்க, சியோனிச, சவுதி சூழ்ச்சியாகிவிட்டது. ஈரான்–இராக் போரில் ஈரான் பக்கம் நின்ற அரிய அரபு அரசு சிரியா; லெபனானின் ஹிஸ்புல்லாவுக்கு அன்று ஆயுதம் போன வழி. அந்த வழியைக் காக்க டெஹ்ரான் பணமும் புரட்சிக் காவல் படை அதிகாரிகளும் அனுப்பியது. 2013-ல் குசைர் நகரில் ஹிஸ்புல்லா வெளிப்படையாகக் களமிறங்கியது. சவுதியும் கத்தாரும் துருக்கியும் ஆளுக்கொரு கிளர்ச்சிக் குழுவுக்குப் பணமும் ஆயுதமும் கொடுத்தன. ஒன்றோடு ஒன்று போட்டியிட்டும் கொடுத்தன. தொடக்கத்தில் கூட்டம் கூடி முழக்கமிட்ட மக்களுக்கு இந்த ஆட்டத்தில் இடமில்லை. ஆயுதம் வைத்திருந்தவனுக்கே புரவலன் கிடைத்தான். அந்நியச் சதி என்று அன்றைய சிரிய அதிபர் அசாத் முதல் நாள் சொன்னபோது அது பொய். இரண்டே ஆண்டுகளில் அவருடைய நாட்டில் அந்நியர் அல்லாதவர் யார் என்று தேட வேண்டியிருந்தது.

இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் உண்டு. முதலாவது, இவையெல்லாம் சன்னி–ஷியா பகை. பல நூற்றாண்டுப் பிணக்கு. அரசுகள் அதில் இழுக்கப்படுகின்றன என்பது. 1962-ல் ஏமனில் நடந்ததை நினைத்துப் பார்த்தால் இந்த மறுப்பு நிற்காது. அப்போது ராணுவப் புரட்சியால் விரட்டப்பட்ட இமாம் ஜைதிப் பிரிவைச் சேர்ந்தவர். ஜைதி என்பது ஷியாவின் ஒரு கிளை, ஹூதிகள் வருவதும் அதிலிருந்துதான். அந்த இமாமுக்குப் பணமும் ஆயுதமும் கொடுத்தது சவுதி அரேபியா. ஈரானின் ஷாவும் அதே பக்கம் நின்றார். எதிர்ப்பக்கத்தில் குடியரசுவாதிகளுக்காகப் பல்லாயிரம் எகிப்தியப் படையினரை அனுப்பிய நாசர் ஒரு சன்னி முஸ்லிம். அன்றைய அச்சம் குடியரசு என்ற கருத்து எல்லை தாண்டி வந்துவிடும் என்பது. மதப் பிரிவு குறுக்கே வரவில்லை. எகிப்தில் 2013-ல் முகமது மோர்சியின் அரசு கவிழ்க்கப்பட்டதும் சவுதியும் அமீரகமும் குவைத்தும் 12 பில்லியன் டாலர் உதவி அறிவித்தன. மோர்சியை ஆதரித்தது கத்தார். எல்லோரும் சன்னிகள்தான். மதப்பிரிவு எரிபொருளாகப் பயன்படுகிறது, அதை மறுக்க முடியாது. ஆனால் யார் எப்போது பற்ற வைப்பது என்பதை அரசுகள் தீர்மானிக்கின்றன.

இரண்டாவது மறுப்பு கனமானது. எதிரியின் கை கற்பனை அல்ல. பஹ்ரைனில் 1981-ல் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சிக்கு ஈரான் பின்பலமாக இருந்ததாக வலுவான காரணங்களோடு நம்பப்பட்டது. புரட்சியை ஏற்றுமதி செய்வோம் என்று டெஹ்ரான் வெளிப்படையாகவே பேசிய காலம் அது. அப்படியிருக்க ரியாத் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்கிறார்கள். முடியாது, அச்சம் நியாயமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அச்சம் நியாயமானதாக இருப்பதாலேயே அதற்கு எடுக்கும் மருந்து சரியானதாகிவிடாது. ஈரான் பஹ்ரைனில் நுழைய விரும்பியது என்பது ஒன்று. நுழைய இடம் கிடைத்ததா என்பது மற்றொன்று. அந்த இடம் கிடைப்பது உள்ளூர்க் குறைகளைப் பொறுத்தது. நாடாளுமன்றத்தில் 18 இடம் வைத்திருக்கும் கட்சிக்கு டெஹ்ரானின் வெடிமருந்து தேவைப்படாது. அந்தக் கட்சியைக் கலைத்துவிட்டால், தேவைப்படுகிறவர்கள் மிஞ்சுவார்கள்.

மூன்றாவது, அரசுகள் தங்கள் நலனைத்தான் பார்க்கும், அறநெறி பேசி என்ன பயன் என்பது. சரி, அறத்தை ஒதுக்கிவிட்டு லாப நஷ்டம் மட்டும் பார்ப்போம். 2019 செப்டம்பரில் அப்கைக் எண்ணெய் நிலையம் தாக்கப்பட்டு சவுதியின் உற்பத்தியில் பாதி சில நாட்கள் நின்றுபோனது. தாங்கள்தான் தாக்கினோம் என்றார்கள் ஹூதிகள்; ஈரான்தான் என்றது ரியாத். எது உண்மையானாலும், நான்காண்டுப் போர் சவுதிக்குப் பாதுகாப்பைத் தரவில்லை. 2023 ஏப்ரலில் சவுதி தூதர் சனாவுக்கே போய், தன் நாடு பல ஆண்டுகள் குண்டு வீசித் தாக்கிய அதே ஹூதித் தலைவர்களோடு கைகுலுக்கி உட்கார்ந்து பேசினார். ஈரானின் கணக்கு இதைவிட மோசம். சிரியாவால் அதற்கு ஹமாஸோடு பல ஆண்டுகள் உறவு கெட்டது. 2006-ல் அரபு உலகமெங்கும் வீரர்களாகக் கொண்டாடப்பட்ட ஹிஸ்புல்லாவின் நற்பெயர் கரைந்தது. 2022-ல் மஹ்சா அமினி என்ற பெண்ணின் மரணத்தால் தன் தெருக்களே கொதித்தபோது, டெஹ்ரானும் வெளிநாட்டுச் சதி என்றுதான் சொன்னது. வெளிநாட்டிலிருந்து வரும் பாரசீகத் தொலைக்காட்சியை ரியாத் நிறுத்த வேண்டும் என்றது. மனாமா விஷயத்தில் ரியாத் சொன்ன வாசகத்தைத் தன் தலைநகரில் அப்படியே திருப்பிச் சொன்னது.

2023 மார்ச் 10 அன்று பெய்ஜிங்கில் இரு அரசுகளும் தூதரக உறவைப் புதுப்பிக்க ஒப்புக்கொண்டன. ஒருவர் உள்விவகாரத்தில் மற்றவர் தலையிடுவதில்லை என்றும் எழுதிக்கொண்டன. மே மாதம் அசாத் அரபு லீக்குக்குத் திரும்பி ஜித்தா மாநாட்டில் உட்கார்ந்தார். அதாவது சிரியாவின் ஆட்சி நிலைத்துவிட்டது என்று ரியாத்தும் டெஹ்ரானும் முதன்முறையாக ஒத்துப்போயின. அடுத்த ஆண்டு நவம்பர் 27-ல் வடக்கிலிருந்து கிளர்ச்சிப் படை கிளம்பியது. டிசம்பர் 8-ல் டமாஸ்கஸ் விழுந்தது. அசாத் மாஸ்கோவுக்கு ஓடினார். துருக்கியின் அரவணைப்பு அந்தப் படைக்கு இருந்தது என்பதை விட்டுவிட்டுப் பேச முடியாது. ஆனால் பன்னிரண்டு நாளில் ஒரு ராணுவம் கரைந்துபோனது என்றால், அதற்காகச் சண்டையிட அந்த நாட்டில் ஆளில்லை என்று பொருள். தலைவர்கள் சமாதானமானதால் தெரா சிறுவர்களின் வழக்கு முடிந்துவிடவில்லை. அந்தக் குறை எந்தத் தலைநகரிலிருந்தும் இறக்குமதியானது அல்ல. அதனால்தான் எந்தத் தலைநகரின் ஒப்பந்தமும் அதை முடித்துவைக்கவில்லை.

ஆக, அண்டை நாட்டில் கலகம் என்றதும் எதிரியின் பெயரைச் சொல்லும் அரசை, அது எந்த அரசானாலும், நாம் எப்படி எடைபோடுவது? தேதியைக் கேட்க வேண்டும். எதிரியின் தலையீட்டுக்கான சான்று, படையும் பணமும் புறப்படும் முன்னால் தேதியிட்டதா, பின்னால் தேதியிட்டதா? மக்களோடு பேச முன்வந்த ஒருவர் அங்கே இருந்தாரா, அவருக்குக் கிடைத்த அவகாசம் எத்தனை நாள்? பஹ்ரைனில், ஏழு அம்சங்கள் வெளியான பிறகு, அது ஒரே ஒரு நாள். அங்கே அனுப்பிய 1,000 படையினருக்குப் பதிலாக, இளவரசரின் ஏழு அம்சங்களுக்கு ரியாத் தன் முழு எடையையும் கொடுத்திருந்தால் பேச்சு வெற்றி பெற்றிருக்கும் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் ஈரானுக்கு அங்கே கால் ஊன்ற இடம் குறைந்திருக்கும் என்று சொல்ல முடியும். ஏனென்றால் அந்த இடம் பேச்சு முறிந்த பிறகுதான் பெருகியது. பகைவனை அண்டை வீட்டுக்குள் விடக்கூடாது என்று உண்மையிலேயே நினைக்கும் அரசுக்கு, அந்த வீட்டாரைத் தங்களுக்குள் பேசவைப்பதைவிடச் செலவு குறைந்த காவல் இல்லை. இதை இரக்கத்தின் பேரில் சொல்லவில்லை. இரண்டு அரசுகளும் இத்தனை ஆண்டுகள் செலவழித்த பணமும், இழந்த நண்பர்களும், கடைசியில் யாரோடு உட்கார்ந்து பேச நேர்ந்தது என்பதும் சேர்ந்து தரும் முடிவு இது.